செக்கர் தாயம்மா மகளின் சட்டையைத் திருப்பிப் பார்த்த கதை

கள்ளிக்குப்பத்தில் அந்தத் தெருக்காரர்கள் காலை ஏழே காலைக் கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. தாயம்மாவின் மகள் பவுனு பள்ளிக்கூடச் சட்டையைப் பார்த்துப் போடும் கூச்சல் போதும். எதிர்வீட்டுக் குப்பம்மா அதைக் கேட்ட பிறகுதான் பால் காய்ச்ச ஸ்டவ்வைப் பற்றவைப்பாள்.

பவுனுவுக்கு ஆறு வயது. எலும்பும் தோலுமான உடம்பு. ஆனால் அந்தச் சட்டைக்குள் கையை நுழைக்கிற நேரத்தில் மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வருமோ! தாயம்மா அவளை முழங்காலால் சுவரோடு ஒட்டி நிறுத்தி, ஒரு கையால் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்து, மறுகையால் பித்தான் போடுவாள். ஐந்தாவது பித்தானைப் போடுவதற்குள் முதல் பித்தான் அறுந்து கட்டிலுக்கடியில் உருண்டிருக்கும்.

"மா, குத்துது! மா, குத்துது!"

"இன்னாடி குத்துது? முள்ளா வெச்சுக் கீறேன்? புதுச் சட்டைடி இது!"

புதுச் சட்டைதான். அதுதான் தாயம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவளே செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே நடவு நட்ட குடும்பத்தில் பிறந்தவள். மூன்றாவது வரை படித்தாள். மூன்று வருடத்துக்கும் ஒரே சட்டை. அதன் முதுகில் இருந்த கிழிசலுக்குள் பின்னால் உட்கார்ந்த பெண் தினமும் விரலை விட்டுக் கிச்சுகிச்சு மூட்டுவாள். வகுப்பே சிரிக்கும். பள்ளிக்கூடத்தை விட்டபோது தாயம்மாவுக்குப் படிப்பு போனதைவிட அந்த விரல் போனதுதான் நிம்மதி.

எண்பத்து நாலில் தேவராஜைக் கட்டிக்கொண்டு கள்ளிக்குப்பம் வந்தாள். அவன் சைக்கிள் பாகங்கள் செய்யும் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தான். அவள் அடுத்த வருடமே அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் வெட்டச் சேர்ந்தாள். மூன்றே வருடத்தில் செக்கர் ஆனாள். தைத்து வருகிற உடுப்பை மேசைமேல் விரித்து, உள்ளே வெளியே திருப்பி, கழுத்திலிருந்து விளிம்பு வரை விரலால் ஓட்டிப் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் செக்கர் வேலை. தாயம்மாவின் விரல் அந்தத் தளத்தில் பிரசித்தம். கண்ணை மூடிக்கொண்டே, "இங்க ஒரு தையல் தாண்டிக் கீது பாரு" என்பாள். இருக்கும்.

அப்படிப்பட்டவள் தன் பெண்ணின் சீருடையைச் சும்மா விடுவாளா? வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, சொட்டு நீலம் கலந்து, வெள்ளைச் சட்டையை முக்கி எடுப்பாள். காய்ந்ததும் அது தனியாக நிற்கும். இஸ்திரி வண்டிக்காரரே, "இன்னாம்மா, அட்டையில தச்சதா?" என்று கேட்டிருக்கிறார். அதோடு விட்டாளா என்றால் இல்லை. கம்பெனியில் பெருக்கித் தள்ளுகிற குப்பையில் வீணான லேபிள்கள் கிடக்கும். நீலத்தில் பொன்னிற எழுத்து, வெளிநாட்டுக் கடையின் பெயர். பெண்கள் எல்லோரும் ஆளுக்கு இரண்டு பொறுக்கி எடுத்துப் போய்ப் பிள்ளைகளின் சட்டைக் கழுத்தில் உள்பக்கமாகத் தைத்துவிடுவார்கள். யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் சட்டையைக் கொடியில் உலர்த்தும்போது தெரு பார்க்கும் இல்லையா? தாயம்மா பவுனுவின் எல்லாச் சட்டையிலும் தைத்திருந்தாள்.

அந்தப் பெண்தான் தொண்ணூற்றிரண்டு ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை பிரேயரில், பின்னால் நின்றவளைக் கடித்துவைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் ராஜசேகரன் மேசைக்குப் பின்னால் நேராக உட்கார்ந்திருந்தார்.

"இங்க பாரும்மா. போன மாசம் சிலேட்டைத் தூக்கி எறிஞ்சா. அப்புறம் பெஞ்சுக்கடியில போய்ப் படுத்துக்கிட்டு வர மாட்டேன்னா. இப்போ பல்லு. அந்தப் பொண்ணு கையில எத்தனை பல்லுன்னு எண்ணலாம். அவங்கப்பா ஆவடியில மிலிட்டரிக்காரர். நான் அவருக்கு என்ன பதில் சொல்றது?"

"புள்ள அப்பிடிப்பட்டவ இல்ல சார். ஞாயித்துக்கிழமையில வந்து பாருங்க, தங்கம்."

"ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் இல்லையேம்மா." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த வெள்ளிக்கிழமை பிரேயர்ல நானே நின்னு பார்ப்பேன். ஒழுங்கா நின்னா இருக்கட்டும். இல்லைன்னா டி.சி. எழுதிடுவேன். அழைச்சுக்கிட்டுப் போயிடு."

ஒன்றாவதிலேயே டி.சி.! அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பள்ளிக்கூடத்துப் படியேறுவது? தன்னைப்போல மூன்றாவதுகூட இல்லாமல், ஒன்றாவதோடு பெண் வீட்டில் நிற்பதா? தாயம்மா அழவில்லை. அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் சீக்கிரம் வரும்.

தேவராஜ் அவனுக்குத் தெரிந்ததைச் செய்தான். ஞாயிற்றுக்கிழமை மகளை ஆவடி தாண்டி ஒரு பூசாரியிடம் தூக்கிக்கொண்டு போய் மந்திரித்துக் கழுத்தில் தாயத்துக் கட்டிக்கொண்டு வந்தான். முறுக்கின கறுப்புக் கயிறு, கனமான தகடு.

"இனிமே பாரு. ஆட்டுக்குட்டி மாதிரி போவும்."

திங்கட்கிழமை பவுனு போட்ட கூச்சலில் குப்பம்மா பால் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். சாயங்காலம் வரும்போது கழுத்தைச் சுற்றி நகக்கீறல். ரத்தம் கட்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கம்பெனியில் தாயம்மா குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தாள். பக்கத்து மேசை நசீம் பானு பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் பிடித்து வருகிறவள், தாயம்மாவைவிடச் சின்னவள், பேசாமல் இருக்கத் தெரியாதவள். "அக்கா, மூஞ்ச இன்னா இஸ்திரி பெட்டி மாதிரி வெச்சுக்கினு கீற?" என்று கேட்டுப் பார்த்தாள். தாயம்மா அடுத்த பீஸை இழுத்துக்கொண்டாள்.

பத்தரை மணிக்கு சூப்பர்வைசர் பால்ராஜ் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"எல்லாரும் கையில இருக்கறத வைங்க! குழந்தைங்க ஃபிராக்கு, நாலாயிரத்து இருநூறு பீஸு, மொத்தமும் நிறுத்தச் சொல்லிட்டான் பையர், சரக்கு வாங்கற வெள்ளைக்காரன்! கழுத்து லேபிள் பூராவும் பிரிச்சு எடுக்கணும். எடுத்து இடுப்புக்குக் கீழ, சைடுல தைக்கணும். வெள்ளிக்கிழமை லாரி!"

தளம் முழுக்க முணுமுணுப்பு. பானுதான் கேட்டாள்: "ஏன் சார், கழுத்துல இருந்தா அவுங்களுக்கு இன்னா கொறச்சலாம்?"

பால்ராஜ் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "அரிக்குதாம். லேபிளோட ஓரம் கழுத்துல பட்டு அரிக்குதாம். அதனால புள்ளைங்க சட்டை போட மாட்டேன்னு அழுவுதாம். தரையில வுழுந்து பொரளுதாம். சில புள்ளைங்க அடிக்குதாம், கடிக்குதாம். அம்மாக்காரிங்க கடையில கொண்டாந்து மூஞ்சில எறியறாங்களாம்."

"அல்லா! அவுங்க ஊட்டுப் புள்ளைங்க கழுத்து இன்னா பஞ்சுலயா செஞ்சு வெச்சுக் கீது?" என்றாள் பானு. மேசைகள் சிரித்தன.

தாயம்மாவும் சிரித்தாள். கத்தியை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டாவது ஃபிராக்கில் அவள் கை நின்றுவிட்டது.

அழுவுதாம். பொரளுதாம். கடிக்குதாம்.

பிரித்த லேபிளைத் தன் பிடரியில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கன்னத்தில் தேய்த்தாள். லேசாக. பிறகு உதட்டில் வைத்து இழுத்தாள். சுரீர் என்றது! சூட்டில் வெட்டின ஓரம். மீன் செதில் போல விறைத்துக்கொண்டு இருந்தது. நாலு வருடமாகத் தன் விரல் தொட்டுத் தொட்டுப் போன ஓரம். விரலுக்குத் தெரியாதது உதட்டுக்குத் தெரிகிறது. அப்படியானால் ஒருத்திக்கு உடம்பு பூராவும் உதடு மாதிரி இருந்தால்?

"பானு!" என்று கத்தினாள். "பானு, எம்பொண்ணு ஞாயித்துக்கிழமை இன்னா போடுவா தெரியுமா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்க்கா?"

"அவங்க நைனாவோட பழைய பனியன்! தோய்ச்சுத் தோய்ச்சு ஓட்டையாப் போன பனியன். அதப் போட்டுக்கினு நாள் பூராவும் வெளாடுவா. ஒரு சத்தம் வராது. திங்கக்கிழமை இன்னா போடுவா?"

"யூனிபாரம்."

"கஞ்சி போட்ட யூனிபாரம்! லேபிள் வெச்சது! நானே தச்சதுடி!"

பானு வாயைப் பொத்திக்கொண்டாள். தாயம்மாவுக்கு உட்கார முடியவில்லை. தப்பு கண்டுபிடித்த செக்கருக்கு வரும் அந்தப் பரபரப்பு, உள்ளங்கை வியர்க்கிற பரபரப்பு. நாலாயிரம் பீஸில் எங்கே தையல் விட்டது என்று தெரியாமல் தேடிக் கடைசியில் எந்த மிஷின் என்று கண்டுபிடித்துவிட்டால் வருமே, அது.

"தாயம்மா, ஒக்காந்து வேலையப் பாரு! வெள்ளைக்காரன் லாரி வெள்ளிக்கிழமை!" என்றார் பால்ராஜ்.

"எனக்கும் வெள்ளிக்கிழமைதான் சார்!" என்றாள் தாயம்மா.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள். மடியில் பாதி தீர்ந்துபோன ஓர் அம்பு ஸ்டிக்கர் தாள். பாயை விரித்தாள். சீருடையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி அதன்மேல் பரப்பினாள். பவுனுவைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள்.

இதுவரை அவள் மகளிடம் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள், ஏன்டி கத்துற, ஏன்டி அடிக்கிற, ஏன்டி மானத்த வாங்குற என்று. பவுனு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. எப்படிச் சொல்வாள்? எல்லோருக்கும் இப்படித்தான் குத்துகிறது, மற்றவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், தான் மட்டும் கெட்ட பெண் என்று அவளே நம்பியிருந்தாள் போலிருக்கிறது. தாயம்மா இப்போது ஏன் என்று கேட்கவில்லை.

"எங்கெங்க குத்துதோ அங்கல்லாம் அம்பு ஒட்டு."

பவுனு அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்தாள். அடி விழாது என்று தெரிந்ததும் ஒரு அம்பை உரித்து லேபிளின்மேல் ஒட்டினாள். அடுத்தது காலரின் மடிப்பில். அடுத்தது அக்குளில், இரண்டு துண்டு சேரும் தடித்த தையலில். பிறகு வேகம் வந்துவிட்டது. கைவிளிம்பு. பாவாடை இடுப்பின் எலாஸ்டிக். ஒன்று, ஒன்று, ஒன்று! செக்கரின் மகள் இல்லையா, ஓர் அம்பும் இடம் தப்பவில்லை. தாயம்மா ஒவ்வோர் இடத்தையும் உதட்டால் தொட்டுப் பார்த்தாள். ஆமாம். ஆமாம். இதுவும் ஆமாம்.

தேவராஜ் உள்ளே நுழைந்தபோது சட்டையில் பதினோரு அம்புகள்.

"இன்னாமே, ஊட்லயும் ஓவர்டைமா?"

"கம்முனு இருய்யா. புள்ள சொல்லிக்கினு கீது."

பவுனு ஒரு அம்பை எடுத்துத் தன் கழுத்தில் தாயத்துக் கயிற்றின்மேல் ஒட்டினாள். தேவராஜின் முகம் மாறியது.

"அதத் தொடாத. மந்திரிச்சுக் கட்டினது. அத மட்டும் கழட்டின, அவ்ளோதான்."

"கழுத்தப் பாருய்யா. நகத்தால பிராண்டிக் கீறா. பேயப் பிராண்டல, கயிறப் பிராண்டிக் கீறா."

"ஒரு லேபிளப் பாத்துட்டு வந்து பெரிய டாக்டரு மாதிரி பேசுற!"

சண்டை மூளுகிற நேரத்தில் பவுனு எழுந்து அப்பாவிடம் போனாள். அவன் குனிந்தான். அவள் மிகவும் கவனமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓர் அம்பை அவன் மீசையில் ஒட்டினாள்.

"இதும் குத்துது நைனா."

தாயம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தேவராஜ் சிரிக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. அம்போடு மீசை ஆடியது. தினமும் வேலை விட்டு வந்ததும் மகளுக்கு முத்தம் கொடுக்கப் போய் அறை வாங்குகிறவன் அவன். அறையை எண்ணி மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவன். "அதுக்கா அடிச்ச? மீசையத்தான் அடிச்சியா, என்ன இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு அவனே தாயத்தை அவிழ்த்து, அவள் புத்தகப் பை வாரில் கட்டினான். சாமியும் பள்ளிக்கூடம் போகட்டும் என்றான்.

தாளில் ஒரே ஓர் அம்பு மிச்சம். பவுனு அதை உரித்துத் தன் காதில் ஒட்டிக்கொண்டாள்.

"காதுல இன்னாடி? கம்மலா?"

"மணி," என்றாள் பவுனு. அதற்குமேல் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது, சில பிள்ளைகளுக்குத் தோலும் காதும் நாக்கும் நம்மைவிட அதிகமாகச் செய்தி அனுப்பும், அது தாங்காமல்தான் அடம்பிடிக்கும் என்று ஐந்து வருடம் கழித்து ஆவடியில் ஒரு முகாமுக்கு வந்த டாக்டரம்மா தாயம்மாவிடம் சொன்னார். தாயம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்து, "பேரு சோக்காத்தான் வெச்சுக் கீறாங்க," என்றாள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அவளிடம் பெயர் எதுவும் இல்லை. பதினாலு அம்பு இருந்தது, மூன்று நாள் இருந்தது.

உட்கார்ந்து லேபிளைப் பிரித்தாள். சட்டையை மூன்று தண்ணீரில் அலசிக் கஞ்சியை விரட்டினாள். தேவராஜின் பனியனை வெட்டிச் சிறிதாக்கி, தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி உள்சட்டை தைத்தாள். எலாஸ்டிக்கை உருவிப் பருத்தி நாடா கோத்தாள்.

புதன்கிழமை காலை ஏழே கால். ஏழு இருபது. குப்பம்மா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னா தாயம்மா, புள்ளைக்கு ஒடம்பு சரியில்லியா? சத்தமே காணோம்! நான் இன்னும் பாலே வெக்கல."

பவுனு சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். தானே பித்தான் போட்டுக்கொண்டிருந்தாள்! மூன்றாவது பித்தானை நாலாவது காஜாவில் மாட்டி, அவிழ்த்து, மறுபடி மாட்டினாள். தாயம்மாவுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

குப்பம்மாவின் கண் அதற்குள் வேறெங்கோ போய்விட்டது. "அய்ய, இன்னாமே சட்டை இப்பிடிக் கசங்கிக் கீது? கஞ்சி போடல, இஸ்திரி போடல? இந்த மாசம் சம்பளம் வரலியா?"

அது தாயம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. முதுகுக் கிழிசலில் ஒரு விரல் நுழைந்த மாதிரியே இருந்தது. ஒரு நிமிடம் சட்டையைக் கழற்றச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பவுனு நாலாவது பித்தானைச் சரியாகப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"கசங்கினாத்தான் இப்போ ஃபேஷனு. ஃபாரின்ல அப்பிடித்தான்," என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள் தாயம்மா.

ஆனால் அன்று சாயங்காலமும் புகார் வந்தது. சட்டையைப் பற்றி அல்ல. பவுனு இரண்டு முறை பெஞ்சுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். இழுக்க வந்த டீச்சரை உதைத்தாள்.

காதில் ஒட்டின அம்பு!

வியாழக்கிழமை பால்ராஜிடம் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டாள். லாரி நாளைக்கு, உனக்கு இன்றைக்கா பர்மிஷன் என்று அவர் குதித்தார். "அக்காவோட மேசைய நான் பாத்துக்கறேன் சார். உங்களுக்கு பீஸு வரணும், அவ்ளோதானே?" என்று பானு இரண்டு கட்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தாயம்மா பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, செங்கல் அடுக்குக்குப் பின்னால் நின்றாள். செக்கர் லைனில் நிற்கிற மாதிரி, இமைக்காமல். ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்து மணி என்பது தண்டவாளத் துண்டு. அது தொங்குவது பவுனு உட்காரும் ஜன்னலுக்கு இரண்டு அடி தள்ளி. பவுனு பாடத்தைப் பார்க்கவே இல்லை; பியூனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது வருவான், எப்போது அடிப்பான்? அவன் அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்தால்கூட இவள் தோள் காதுவரை ஏறியது. அடித்ததும், தாயம்மாவுக்கே பல் கூசியது, பவுனு பெஞ்சுக்கடியில் இருந்தாள்.

இடைவேளையில் இன்னொன்றும் பார்த்தாள். ஒரு பெண் ஓடி வந்து பவுனுமேல் முட்டி இரண்டு பேரும் கீழே விழுந்தார்கள். பவுனு சிரித்துக்கொண்டே எழுந்தாள்! ஆனால் வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்தவளின் பின்னல் நுனி லேசாக இவள் கையில் உரசியதும் பாம்பு தொட்ட மாதிரி திரும்பிக் கையை ஓங்கினாள்.

இடித்தால் சும்மா இருக்கிறாள். உரசினால் அடிக்கிறாள்!

தாயம்மா நேரே தலைமையாசிரியர் அறைக்குள் போய்விட்டாள். பியூன் கூப்பிடும்வரைகூட நிற்கவில்லை.

"சார், புள்ளைய ஜன்னல்கிட்டேர்ந்து எடுத்து அந்தக் கோடி சொவுத்துகிட்ட உக்கார வைங்க. பிரேயர்ல வரிசைக்குக் கடைசியில நிக்க வைங்க, பின்னால ஆள் இல்லாம. வேற ஒண்ணும் வேணாம்."

ராஜசேகரன் பேனாவை மூடினார். "எதுக்கு?"

"மணிச் சத்தம் தாங்கல சார் அவளுக்கு."

"உன் பொண்ணுக்காக நான் மணியை மாத்தணுமா?"

"மணிய மாத்த வேணாம் சார். பொண்ண மாத்தி உக்கார வைங்கன்னுதான் சொல்றேன்."

"இருபத்திரண்டு வருஷமா வாத்தியார் வேலை பாக்கறேம்மா. ரெண்டு போட்டா அடங்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை."

"அடிச்சா அவளுக்கு வலி கம்மி சார். உரசினாத்தான் வலி சாஸ்தி. வேணும்னு பண்ணல. நமக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியுது." தாயம்மா முந்தானை முடிச்சிலிருந்து லேபிள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இத உதட்டுல தேச்சுப் பாருங்க சார்."

அவர் அதைத் தேய்க்கவில்லை. இரண்டு விரலால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பியூன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான்.

"கடைசியில நிக்கட்டும்," என்றார். "நாளைக்குப் பார்க்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது தாயம்மா மகளைப் போர்வையில் சுற்றி, எலும்பு நெரிகிற மாதிரி இறுக்கிக் கட்டிப் பிடித்தாள். இறுக்கினால் பவுனுவுக்குச் சந்தோஷம் என்பதையும் அவள் நேற்றுத்தான் கண்டுபிடித்திருந்தாள். "இன்னும், மா, இன்னும்!" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

முற்றத்தில் முழுப் பள்ளிக்கூடமும் நின்றது. ஒன்றாம் வகுப்பு வரிசையின் கடைசியில் பவுனு. தாயம்மா கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் யாரோ மூச்சிரைக்க வந்து நின்றதைப் பார்த்தால், தேவராஜ்! பட்டறை அழுக்குச் சட்டையோடு.

"இன்னாய்யா, ஷிப்டு?"

"இருக்கட்டும், இருக்கட்டும். நிக்கிறாளா?"

நின்றாள். முதல் பாட்டு முடிந்தது. உறுதிமொழி முடிந்தது. வெயில் ஏறியது. ராஜசேகரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். ஒன்றாம் வகுப்பின் கடைசிக்கு வந்தார். நின்றார். நல்ல பெண் என்று சொல்ல நினைத்தாரோ என்னவோ, பவுனுவின் தலைமுடியை விரல் நுனியால் மெதுவாக, பூப்போலத் தடவினார்.

"ஐயோ, அப்பிடித் தொடாதீங்க சார்!" தாயம்மா கம்பிக்குள் முகத்தைத் திணித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

பவுனுவின் உடம்பு விறைத்தது. வாய் திறந்தது. தலைமையாசிரியரின் கை அவள் பல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தேவராஜ் கண்ணை மூடிக்கொண்டான். பவுனு இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கித் தன்னையே குறுக்காகக் கட்டிக்கொண்டு, தோளைப் பலமாக இறுக்கினாள். அம்மா போர்வையில் இறுக்கின மாதிரி. திறந்த வாய் மூடிக்கொண்டது. அவர் நகர்ந்து போனார்.

உடனே பியூன் தண்டவாளத்தில் அடித்தான். பவுனு காது இரண்டையும் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடி, நின்ற இடத்திலேயே நின்றாள். கத்தவில்லை! ஓடவில்லை!

பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும் ராஜசேகரன் கேட்டுக்கு வந்தார்.

"பிரேயர்ல காதைப் பொத்தறது ஒழுங்கு இல்லையேம்மா."

"கத்தறதுக்குக் காதப் பொத்தறது தேவலாம் சார்," என்றாள் தாயம்மா.

அவருடைய உதட்டு ஓரத்தில் சிவப்பாக ஒரு சின்னக் கீறல் இருந்ததைத் தாயம்மா அப்போதுதான் கவனித்தாள். சவரக் கத்தியும் பட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை.

"சுவர் ஓரமா இடம் மாத்தச் சொல்லியிருக்கேன். அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்க்கலாம். டி.சி. இப்போ வேண்டாம்." இரண்டு அடி போய்த் திரும்பினார். "தலையைத் தொட்டது அவளுக்குப் பிடிக்கலையோ?"

"அமுக்கித் தொடுங்க சார். பயப்படாதீங்க, நல்லா அமுக்கி."

பஸ் நிற்கும் இடம்வரை தாயம்மாவும் தேவராஜும் பேசிக்கொள்ளவே இல்லை. பஸ் வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, தேவராஜ் எதிர்ப்பக்கத்துக்கு ஓட வேண்டியிருந்ததால் அதுவும் பாதியில் நின்றது.

கம்பெனிக்குள் நுழைந்தபோது பத்தே முக்கால். "அரை நாள் சம்பளம் கட்!" என்று பால்ராஜ் தூரத்திலிருந்தே கத்தினார். வெட்டிக்கொள்ளட்டும்! மிஷின் இரைச்சலுக்கு மேலே பானு கேட்டாள்: "அக்கா, இன்னாச்சு?"

"நின்னா!"

"எவ்ளோ நேரம்?"

"முழுசும்! பாட்டு, உறுதிமொழி, மணி, எல்லாம்! வாத்தியாரக் கடிக்கல!"

பானு கத்தரியால் மேசையைத் தட்டினாள். அந்த வரிசையே தட்டியது. தாயம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் ஃபிராக்கை இழுத்து உள்பக்கம் திருப்பினாள். இன்னும் எழுநூறு பீஸ் பாக்கி, லாரி சாயங்காலம். நாலாவது மேசையிலிருந்து காஜா எடுக்கிற பெண் ஒருத்தி, இதுவரை தாயம்மாவோடு பேசியே இராதவள், நூல் கண்டை எடுக்க வந்தவள் போல மெல்லப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, எம்பொண்ணு தலை வாரவே வுட மாட்டேங்கறாக்கா. சீப்பப் பாத்தாலே ஊட்ட வுட்டு ஓடறா. நான் கரண்டியால போட்டுத்தான் ஒக்கார வெப்பேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கீதா?"

தாயம்மா விரலை ஓட்டுவதை நிறுத்தாமல் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தச் சீப்பு? பல்லு நெருக்கமானதா, அகலமானதா? மெதுவா வார்றியா, அமுக்கி வார்றியா? உக்காரு, மொதல்லேர்ந்து சொல்லு."